அக்காவின் குரலுக்கு நான் தேடிய முகம்

திருகோணமலையில் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் 'இசை, ஊடக ஆலோசகர்' என்று பலகை மாட்டினால் ஊர் அதை எப்படி விளங்கிக்கொள்ளும் என்பது எனக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒருவர் வந்து, மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நல்ல பாட்டுக்காரர் எவரையாவது பிடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். இன்னொருவர் பழுதான ஒலிபெருக்கியை ஓட்டோவில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிவைத்து, "பின்னேரம் வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் நான் ஓர் ஆளைப் பிடித்துத் திருத்திக் கொடுத்தேன்.

கொழும்பில் பதினொரு வருடம் வானொலி அறிவிப்பாளராக இருந்தவள் நான். நிலையம் கைமாறியபோது, புதிதாக வந்தவர்களுக்கு என் குரல் பழையதாகத் தெரிந்தது. நாற்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிற எங்கள் வீட்டின் பின்னறைச் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி, தடித்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டு, அதை ஒலிப்பதிவு அறையாக்கினேன். மெல்ல மெல்ல வேலை வந்தது. நிலாவெளி ஹோட்டல்களில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பாட்டுப் போடுவது, டெங்கு அறிவித்தலை எந்தக் குரலில் சொன்னால் சனம் நின்று கேட்கும், கோயிலில் பிரசங்கம் எதிரொலிக்காமல் இருக்கப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். இது இருக்கட்டும், அது வேண்டாம் என்று சொல்லுகிற வேலை. சொல்லிச் சொல்லி, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது.

அந்த எண்ணத்தோடு நான் ஒருவருக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவரிடம் தொலைபேசியில் செய்தி அனுப்பிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "எழுதுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ." என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காவை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன். பாலையூற்றில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒலிபெருக்கி வேலையாகப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம். பாடகர் குழு அடுத்தநாள் பூசைக்கான பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் பாடுகிறபோது யாருடைய குரலும் தனியாகக் கேட்காது, கேட்கவும் கூடாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அடியில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்க விட்ட இடங்களையெல்லாம் அது நிரப்பிக்கொண்டு போனது. நான் வயரைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பழக்கம் முடிந்ததும் பின்வரிசைக்குப் போய் ஒவ்வொருவரையும் கதைக்கவைத்து, அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்தேன்.

"நீங்கள் தனியப் பாடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"நானோ?" அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் பின்வரிசை, மிஸ்."

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஐஸ் ஆலையில் வேலை செய்கிறாராம். படகுகளுக்கு ஏற்றுகிற ஐஸ் கட்டிகளை எண்ணித் துண்டு எழுதிக் கொடுக்கிற வேலை. கணவர் பலநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரே மகள், உயர்தரம் படிக்கிறாள். சொந்தமாக ஏதும் பாட்டுக் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

"ஒண்டு இருக்கு. பாட்டெண்டு சொல்ல ஏலாது."

ஐஸ் ஆலையின் மாடிப்படியில் நின்றால் படகுகள் உள்ளே வருவது தெரியும். தூரத்தில் எல்லாப் படகும் ஒரேமாதிரித்தான். கிட்ட வருமுன்பே கணவர் படகின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று கையைத் தூக்கிக் காட்டுவார். அதைக் கண்டபிறகுதான் இவர் திரும்பிப் போய்க் கதிரையில் இருப்பார். அந்தக் காத்திருப்பில் கட்டிய பாட்டு. 'கையைக் காட்டு, கையைக் காட்டு, நீதான் எண்டு தெரியட்டும்' என்று தொடங்கும். கோயில் வாசலில் நின்றபடி இரண்டு வரி பாடிக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அன்றே அவருக்குச் சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கு, யோசிப்பம்" என்று மட்டும் சொன்னேன். ஆலோசகர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு நிறுவனம் கிழக்குப் பக்கத்திலிருந்து புதுப் பாட்டுகளைத் தேடித்தரச் சொல்லி என்னோடு ஒப்பந்தம் செய்திருந்தது. பாட்டைத் தெரிந்தெடுப்பது, ஒலிப்பதிவு செய்வது, காணொளி எப்படி இருக்கவேண்டும் என்று சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அடுத்த கிழமையே அக்காவை என் பின்னறைக்குக் கூப்பிட்டேன். வேலை முடிந்து நேரே வந்தார். சட்டைக் கையில் ஐஸ் உமி ஒட்டியிருந்து ஈரம் காயவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, "கண்ணை மூடிப்போட்டுப் பாடட்டோ, மிஸ்? ஆக்கள் பாத்தா எனக்கு வராது" என்று கேட்டார். ஒரே தரம் பாடினார். இரண்டாம் தரம் எடுக்க நான் சொல்லவில்லை, தேவைப்படவில்லை.

பதிவை அனுப்பிய அன்று பின்னேரமே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பாட்டுகளுக்குப் பொறுப்பானவர், இளம் வயதுக்காரர்.

"மிஸ், இது பெரிசாப் போகும். பாடினவவையே வீடியோவில எடுப்பமோ? ஐஸ் பக்டரியிலேயே எடுக்கலாம். வித்தியாசமா இருக்கும்."

"வேண்டாம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"ஏன்?"

"அவ வீடியோவுக்குச் சரிவரமாட்டா."

"நாங்கள் ஒருக்காப் பாக்கட்டோ? ஒரு படம் அனுப்புங்கோவன்."

"பாக்கத் தேவையில்லை. வயசு போட்டுது. முன்பல்லு எடுப்பு. ஐஸுக்க நிண்டு தோலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. ஆரும் பாக்கமாட்டினம். ஒரு இளம் பிள்ளையைப் போடுவம்."

சொன்னவை இவைதான். ஒரு சொல்லையும் நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்கள் சொன்னாச் சரிதான்" என்றார்.

இருபத்திமூன்று வயதில் நான் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குச் செய்தி வாசிக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒளிப்பதிவில் என்னைப் பார்த்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னிடம், "குரல் நல்லம். ரேடியோவுக்குப் போங்கோ" என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது யன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அப்படி அழுத ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் சொன்னேன். அன்று என்னைக் கழித்தவர் நின்ற இடத்தில் நானே நின்றபோது எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்தது போல இருந்தது. அது கெட்டித்தனமாகத் தெரிந்ததை நினைத்துத்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

கொழும்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தோம். இருபது வயது. அவளுடைய வாயிலிருந்து வருவதை நம்பவேண்டும் என்பதற்காக அக்காவின் குரலின் சுருதியை ஒரு கட்டை உயர்த்தினேன். மூச்சு வாங்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். அடித்தொண்டையின் கரகரப்பைத் தேய்த்து மெழுகினேன். நல்ல வேலை. யாருக்கும் தெரியவராது.

அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. துறைமுகத்துப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது ஐஸ் ஆலை வாசலில் அவரைச் சந்தித்தேன்.

"வீடியோவில வேற ஒரு பிள்ளை நடிக்கும், அக்கா. நான் உங்களைப் போடச் சொல்லித்தான் சொன்னனான். கம்பனிக்காரர் விரும்பேல்ல."

அந்தப் பொய்யை நான் முன்கூட்டியே நினைத்துக்கொண்டு போகவில்லை. வாயைத் திறந்ததும் தானாக வந்தது.

"அதுக்கென்ன, மிஸ்" என்றார். "பாட்டு வெளிய வந்தாக் காணும். என்ர பேரும் போடுவினம்தானே?"

"ஓம், ஓம்."

பெயர் போடப்படவில்லை. பாடியவர் என்ற இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் வந்தது. வேண்டுமென்று செய்ததா என்று யாராவது கேட்டால், நிறுவனம் என்ன போடவேண்டும் என்று என்னிடம் கேட்டபோது நான் அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் அனுப்பினேன். வேறு என்ன சொல்ல?

பாட்டு ஓடியது. நிலாவெளிக்குப் போகிற பேருந்துகளில் போட்டார்கள். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை வரும்போது போட்டார்கள். தோப்பூரில் ஒரு கடைக்காரர் காலையில் கதவு திறந்ததும் முதலில் அதைத்தான் போடுகிறாராம் என்று ஒருவர் சொன்னார். என்னைத் தேடி வேலைகள் வந்தன. 'கண்டெடுத்தவர்' என்று ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது. அந்த மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா மகளிடம் ஒரு டப்பா நிறையக் கேக் கொடுத்தனுப்பினார். நான் சாப்பிட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னபோதும் வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"மிஸ், ஒரு உதவி. ஒருக்கா வந்து ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

நடந்ததைச் சொன்னார். ஐஸ் ஆலையில் யாரோ தொலைபேசியில் அந்தப் பாட்டைப் போட, இவர், "அது நான் பாடினது" என்றிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள். அப்படியென்றால் பாடிக் காட்டுங்கள் என்றிருக்கிறார்கள். ஐஸ் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி நிற்க, ஆட்கள் பார்த்தால் பாட வராத அவர் பாடிக் காட்டியிருக்கிறார். பாடி முடிந்ததும் ஒருவர், "சாடையா அந்தக் குரல்மாதிரித்தான் இருக்கு. ஆனா அது இதில்லை" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஒரு கட்டை உயர்த்தியவள் நானல்லவா. அவருடைய குரலே அவருக்குச் சாட்சி சொல்லாமல் செய்திருந்தேன்.

கதை அங்கே நிற்கவில்லை. அங்கே வேலை செய்கிற ஒருவரின் பிள்ளை மகளோடு படிக்கிறாள். வகுப்பில், "உங்கட அம்மா தான்தான் பாடினது எண்டு சொல்லித் திரியிறாவாமே" என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு வந்து தாயோடு சண்டை.

"அவள் நம்புறாளில்லை, மிஸ். நான் உங்கட வீட்ட வந்து பாடினது அவளுக்குத் தெரியும். ஆனா வீடியோவைப் பாத்தா ஆர்தான் நம்புவினம்? நீங்கள் ஒத்திகைக்கு என்னை ஒருக்காப் பாடவைச்சுப் பாத்தனீங்களாம், பேந்து அந்தப் பிள்ளையைக் கொண்டுதான் உண்மையாப் பாடுவிச்சதாம் எண்டு நினைக்கிறாள். மற்றவைக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு மட்டும் சொன்னாக் காணும். நீங்கள் சொன்னா நம்புவாள்."

"கட்டாயம் வாறன், அக்கா. இந்தக் கிழமையே வாறன்."

நான் போகவில்லை. அந்தக் கிழமை வேலை என்று சொன்னேன். அடுத்த கிழமை காய்ச்சல் என்றேன். மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், எடுக்கவில்லை. ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு உண்மை தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

பங்குனியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா. அதிபர் காணொளியில் நடித்த பாட்டுக்காரப் பிள்ளையைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார், என்னையும் கூப்பிட்டார். அக்காவின் மகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரியும். வேலை நாள், அக்கா வரமாட்டார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், உண்மையாப் பாடின அன்ரி இஞ்சதானே எங்கேயோ இருக்கிறா? அவவையும் மேடைக்குக் கூப்பிட ஏலாதோ? எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு."

"அதெல்லாம் குழப்பமாப் போடும். நீங்கள் வடிவா வாயசைச்சாக் காணும்" என்றேன்.

இருபது வயதில் அவளுக்கு வந்த கூச்சம், நாற்பத்துநான்கில் எனக்கு வரவில்லை.

மேடையில் போய் இருந்ததும் மூன்றாம் வரிசையில் அக்காவைக் கண்டேன். நீலச் சேலை. தலை நன்றாக வாரி, பூ வைத்திருந்தார். மகளுக்கு ஏதோ பாடத்தில் பரிசு. அதற்காக லீவு எடுத்து வந்திருக்கிறார். மகள் மற்றப் பிள்ளைகளோடு பக்கவாட்டு நீள வாங்கில் இருந்தாள். பாட்டுக்காரப் பிள்ளை பதிவுக்கு வாயசைத்து முடித்ததும் மண்டபம் அதிர்ந்தது. அதிபர் ஒலிவாங்கியை என் கையில் தந்து, "இந்தக் குரலை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு எங்கட பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, மிஸ்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாக இருந்தது. நான் ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு பின்னேரம் வேறு வேலையாகப் போன இடத்தில் பலபேர் பாடிக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் அடியில் ஒரு குரல் ஓடியது, வயரைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், ஒவ்வொருவராகக் கதைக்கவைத்துக் கண்டுபிடித்தேன் என்றெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு மேடையில் இருந்த பிள்ளையின் பக்கம் கையை நீட்டினேன். நடந்ததைத்தான் சொன்னேன், ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். அக்காவிடம் ஒருநாளும் சொல்லாமல் வைத்திருந்த பாராட்டை, அவருக்கு முன்னாலேயே இன்னொருத்திக்குக் கொடுத்தேன்.

மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ஏதோ கணக்குப் பிழைத்துவிட்டது, திரும்ப எண்ணிப் பார்ப்போம் என்பது போன்ற பார்வை. விழா முடிந்ததும் நான் பின்வாசலால் வாகனத்துக்குப் போனேன். போகிறபோது, முன்வாசலில் அவர் பரிசுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்பதைக் கண்டேன். மகளைக் காணவில்லை. வாகனத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா என்னை அழைக்கவே இல்லை. இரண்டு வருடம் போனது. அந்த நிறுவனம் புதுப் பாட்டுகள் எடுப்பதை நிறுத்திவிட்டது. எனக்கு வேறு வேலைகள் இருந்தன. ஐஸ் ஆலைப் பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றிப் போனேன்.

போன வருடம் பாலையூற்றுக் கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள், பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்து தரச்சொல்லி. மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. போனேன். ஒலிவாங்கிகளை வைத்துவிட்டுக் காதில் கருவியை மாட்டிக் கேட்டேன். பாட்டு இருந்தது, மற்றவர்கள் மூச்சு வாங்கிய இடங்கள் வெறுமையாக இருந்தன. பாதருக்குப் பக்கத்தில் போய், பின்வரிசையில் ஒரு அக்கா பாடுவாரே என்று கேட்டேன்.

"அவ பாட்டை விட்டு ரெண்டு வருஷமாச்சு" என்றார். "பூசைக்கு வருவா. எல்லாரும் பாடேக்க வாயைத் திறக்கமாட்டா. கேட்டா, தொண்டை சரியில்லை எண்டு சொல்லுவா."

வீட்டுக்கு வந்து பழைய கணினியைத் திறந்து, அக்கா பாடிய முதற் பதிவைத் தேடி எடுத்தேன். கட்டை உயர்த்தாதது, மூச்சு வெட்டாதது. 'கண்ணை மூடிப்போட்டுப் பாடட்டோ, மிஸ்?' என்று அவர் கேட்பதும் அதில் இருந்தது. அதைத் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை ஐஸ் ஆலைக்குப் போனேன். அக்கா மாடியில் இருந்தார். கீழே ஏழெட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் யார் என்று சொல்லி, அந்தப் பாட்டைப் பாடியது உங்களோடு வேலை செய்கிற அக்காதான் என்று சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒரு வயதானவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாங்கள்தானே அந்த மனிசியைப் பொய்காரி எண்டு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா படியில் நின்றார். இறங்கி வந்து என் கையைப் பிடித்து வெளியே, கடற்சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"உண்மை தெரியட்டும் எண்டு..."

"என்னட்டக் கேட்டனீங்களோ?"

அதுவரை எதற்கும் அவரிடம் நான் சம்மதம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மகளிட்ட நான் மன்னிப்புக் கேட்டிட்டன், மிஸ்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடத்தில நீங்கள் பேசினாப் பிறகு அவள் என்னோட ஒரு மாசம் கதைக்கேல்ல. சாப்பிடேல்ல. சோதினை கிட்ட வந்திட்டுது. நான் என்ன செய்ய? 'ஓம் பிள்ளை, அம்மா பொய்தான் சொன்னனான், ஆசையில சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்' எண்டு சொன்னன். அவள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுது மன்னிச்சவள். இப்ப மட்டக்களப்பில படிக்கிறாள், நல்லா இருக்கிறாள். இனிப் போய் என்னெண்டு சொல்லுறது? அம்மா பொய் சொன்னது எண்டு சொன்னதுதான் பொய் எண்டோ?"

நான் கடற்சுவரில் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பாரத்தை இறக்கிவைக்கவேண்டும் என்ற அவசரம் எனக்கு.

"அக்கா, இன்னொண்டு. கம்பனிக்காரர் உங்களை வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அவையள் உங்களைப் போடுவம் எண்டுதான் கேட்டவை. நான்தான் வேண்டாம் எண்டனான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவங்கள் என்னைப் பாத்ததே இல்லை, என்ன?"

"இல்லை."

"நீங்கள்தான் பாத்தனீங்கள்."

"ஓம்."

"பள்ளிக்கூடத்தில நீங்கள் பேசினதைக்கூட நான் பொறுத்தனான்" என்றார். "கம்பனிக்குப் பயந்து பேசுறா, அவவுக்கும் தொழில்தானே, பாவம் எண்டு நினைச்சன். வீட்டில அவர் உங்களை ஏசேக்க, நான் உங்களுக்காகக் கதைச்சனான்."

முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வெயிலுக்கு வேர்த்ததா என்று நான் பார்க்கத் துணியவில்லை. பிறகு தன் தொலைபேசியை நீட்டி, "அந்தப் பதிவை இதுக்க போட்டு விடுங்கோ" என்றார். அனுப்பினேன்.

"மகளுக்கு நான் வந்து சொல்லட்டோ?"

"வேண்டாம். எப்ப சொல்லுறது, சொல்லுறதோ இல்லையோ எண்டு நான் பாப்பன். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், மிஸ். ஒண்டும்."

அந்த 'ஒண்டும்' என்பதை அவர் இரண்டாம் தரம் சொன்னபோது, நான் முகநூலில் எழுதுவதாக மனதுக்குள் கோர்த்து வைத்திருந்த நீண்ட மன்னிப்புப் பதிவை விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் ஆட்கள் என்னுடைய பெரிய மனதைப் பாராட்டியிருப்பார்கள். நிறுவனத்துக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். காணொளியின் கீழே பாடியவரின் பெயரை மாற்றவேண்டும், தவறு என்னுடையது என்று. பதில் வரவில்லை. இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஹோட்டலுக்கான வேலையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்காவின் மகள். தான் யார் என்று முதலில் சொன்னாள்.

"அம்மா பாட்டைப் போட்டுக் காட்டினவ" என்றாள். "எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும், அன்ரி. அண்டைக்கு மேடையில நிண்டு கதைக்கேக்க, எங்களைக் கண்டனீங்களோ?"

காணவில்லை என்று சொல்ல வாய் எழும்பியது. இத்தனைக்குப் பிறகும் எழும்பியது.

"கண்டனான்" என்றேன். "ரெண்டுபேரையும் கண்டனான்."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு நான் அம்மாவை விட்டிட்டுச் சிநேகிதப் பிள்ளையளோட போனனான்" என்றாள். "அவவோட சேந்து நடக்க எனக்கு வெக்கமா இருந்தது. வாசலில நிண்டு கூப்பிட்டவ. கேட்டும் கேக்காதமாதிரிப் போனனான். அம்மா என்னை ஒண்டும் பேசேல்ல. இப்ப எனக்கு நித்திரை வருகுதில்லை, அன்ரி. உங்களைப் பேசுவம் எண்டுதான் எடுத்தனான். என்னெண்டு பேசுறது?"

அழுதாள். அவளிடம், அது உன்னுடைய பிழை இல்லை, பிள்ளை, பதினேழு வயதில் நீ நம்பியது நான் சொன்னதை, என்று சொன்னேன். இரண்டு மூன்று தரம் சொன்னேன். கேட்டாளோ தெரியாது. "சரி அன்ரி, வைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் வெட்கத்தை நான் சுமந்துகொள்ளலாம். அது எனக்கு உரியது. ஒரு பிள்ளையின் தோளிலும் அதில் ஒரு பங்கை ஏற்றிவைத்திருக்கிறேன் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அதை இறக்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்று யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கா கோயிலில் திரும்பவும் பாடத் தொடங்கிவிட்டாரா என்று பாதரிடம் கேட்கலாம். அவர் சொல்லுவார். நான் இன்னும் கேட்கவில்லை.